வண்டியை ஓட்டியவர் பெயர்

1

போன வாரம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வரும் வழியில், சிக்னலில் நின்றுகொண்டிருந்த என் காரைப் பின்னாலிருந்து இன்னொரு கார் இடித்தது. இடித்தது என்று சொல்வதுகூட அதிகம். பம்பரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல், அவ்வளவுதான். மெல்பர்னில் தினமும் எங்காவது நடப்பது.

நான் என்ன செய்தேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. நான்கு கதவுகளையும் பூட்டியிருந்தேன். பக்கத்தில் இருந்த மகளின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, "திறக்காதே, திறக்காதே" என்று கத்தியிருக்கிறேன். வெளியே, இடித்த காரிலிருந்து இறங்கி வந்த பெண் கண்ணாடியை ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். அழுதுகொண்டிருந்தாள்.

"அப்பா, அவ சாரி சொல்றாங்க. கதவு திற" என்றாள் மகள். அவளுடைய தமிழில் 'அவ'வும் 'வாங்க போங்க'வும் ஒரே வாக்கியத்தில் வரும். பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, "யூ ஆர் ஹர்ட்டிங் மீ" என்றாள். அப்போதுதான் கையை எடுத்தேன்.

மற்றதெல்லாம் ஆறேழு நிமிடத்தில் முடிந்தது. அந்தப் பெண்ணின் உரிமத்தை நான் படம் எடுத்தேன், என்னுடையதை அவள் எடுத்தாள். எந்தக் கம்பெனியின் காப்பீடு என்று எழுதிக்கொண்டோம். அவள்தான் எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். பின்னால் நின்ற வண்டிகள் சத்தமில்லாமல் விலகிப் போயின. ஒருவர்கூட இறங்கவில்லை.

மகளின் தோளில் என் ஐந்து விரலும் பதிந்திருந்தன. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளுக்குப் பதினைந்து வயது. மூன்று வருடத்துக்கு முன்னால் சங்கரன்கோவிலில் நடந்ததைப் பற்றி அவளிடம் நாங்கள் சொன்னது, 'மாமாவுக்கு ஒரு சின்ன ஆக்சிடென்ட்' என்பது மட்டும்தான். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. இதை இங்கே எழுதும் தைரியம் எனக்கு அதனால்தான் வந்திருக்க வேண்டும்.

2

கணக்குப் படிக்க இங்கே வந்தவன், பதினான்கு வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறேன். பஸ்ஸில் இதுவரை ஒரு விபத்து இல்லை. சம்பளச் சீட்டோடு அதற்கும் ஒரு பாராட்டுக் கடிதம் வருடாவருடம் வரும்.

இந்த மாநிலத்தில் வண்டிப் பதிவுக்குக் கட்டும் பணத்திலேயே காயத்துக்கான காப்பீடும் சேர்ந்திருக்கிறது. யார் மேல் தப்பு என்று பார்க்காமல் அடிபட்டவருக்கு வைத்தியம் நடக்கும். வண்டிக்கு ஆன சேதத்துக்குத்தான் நாமாக எடுத்த காப்பீடு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்: இடித்தால் நிறுத்து, உதவி செய், விவரம் கொடு, தப்பு யாருடையது என்று ரோட்டில் பேசாதே.

இதையெல்லாம் பயணிகளுக்கே விளக்கிச் சொல்லக்கூடிய நான், ஊருக்குப் போகும்போது ஒரு காரியத்தைச் செய்யாமல் போனேன். வெளிநாட்டில் ஓட்ட சர்வதேச அனுமதிச் சீட்டு என்று ஒன்று உண்டு. ஒரு புகைப்படத்தைக் கொடுத்தால் இருபது நிமிடத்தில் தந்துவிடுவார்கள். என்னுடைய இந்திய லைசென்ஸ் காலாவதியாகிப் பல வருடம் ஆகியிருந்தது. ஊரில் நான் எங்கே ஓட்டப்போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

3

அந்தத் தடவை மனைவிக்கும் மகளுக்கும் லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் போயிருந்தேன். சங்கரன்கோவிலில் விஜயா அக்கா வீட்டில் தங்கல். அக்காவின் கணவர் கோமதிநாயகம் அத்தான் விசைத்தறி மெக்கானிக். தறி ஓடும் வீட்டுக்குள் நுழைந்து ஒரு நிமிடம் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டபடி நிற்பார். "மூணாவது தறியில நாடாவைத் தள்ளுத பிக்கிங் ஸ்டிக் தளர்ந்துருக்கு" என்பார். போய்ப் பார்த்தால் தளர்ந்திருக்கும். ஊரில் அவருக்கு இருந்த பெயர் அந்தக் காதினால் வந்தது. ஆள் குள்ளம். நான் ஆறடி. பக்கத்தில் நின்றால் அவர் தலை என் தோளுக்குக் கீழே நிற்கும்.

திருவேங்கடத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பால்காய்ப்பு. அக்கா வரவில்லை. நானும் அத்தானும் அவருடைய சின்னக் காரில் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மாலை நாலு மணிவாக்கில் திரும்பினோம். சாவியை நான்தான் கேட்டு வாங்கினேன்.

"ஒன் லைசென்ஸ் கார்டு இங்கன செல்லுமா மாப்ள?"

"பஸ்ஸே ஓட்டுறேன் அத்தான். இது என்ன பெரிய விஷயம்" என்றேன். செல்லுமா என்ற கேள்விக்கு அது பதில் இல்லை. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.

இரண்டு பக்கமும் கரிசல் காடு, மக்காச்சோளத் தட்டை. ரோடு காலியாக இருந்தது. நான் வேகமாகப் போனேன். ஒரு வளைவுக்கு முன்னால் சீமைக்கருவை அடர்ந்து ரோட்டை மறைத்திருந்தது.

"ஹாரன் அடி மாப்ள" என்றார் அத்தான்.

மெல்பர்னில் ஹாரன் என்பது திட்டுவதற்குச் சமம். வருடத்துக்கு ஒருமுறை அடித்தால் அதிகம். என் கை அதைத் தேடிப் போகவில்லை. அவர் சொன்னது காதில் விழுந்தது, கைக்குப் போய்ச் சேரவில்லை. வளைவு திரும்பியதும் ரோடு முழுக்க ஆடு. ஆடுகளுக்கு நடுவே கம்போடு ஒரு பெண்.

பிரேக்கை மிதித்தேன். முதலில் ஆடுகள் மோதின, ஒவ்வொன்றாக, மூட்டை விழுவதுபோல. பிறகு அந்தப் பெண் பானட்டின் இடது முனையில் பட்டு ரோட்டோரத்தில் விழுந்தாள். கார் நின்றது. கண்ணாடியில் ரத்தமும் ரோமமும் ஒட்டியிருந்தன. ஓர் ஆடு சக்கரத்துக்கு அடியில் கிடந்து குழந்தைபோலக் கத்தியது.

நான் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே இருந்தேன். அத்தான்தான் இறங்கி ஓடிவந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"மாப்ள, இறங்கு. நீ ஓட்டல, நாந்தான் ஓட்டுனேன். ஒன் கார்டு இங்கன செல்லாது. இன்சூரன்ஸ்காரன் அந்தப் பொம்பளைக்கு ஒத்தப் பைசா குடுக்க மாட்டான். ஒன்னையும் பிளேன் ஏற விடமாட்டானுவ. இறங்குல!"

என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். காட்டுக்குள்ளிருந்து ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. நான் அந்தப் பெண்ணை நோக்கிப் போனேன்.

4

அவள் பெயர் பேச்சியம்மாள் என்று பிறகுதான் தெரியும். நாற்பது வயதுக்குள். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. என் சட்டையைக் கழற்றித் தொடையோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். போனைத் தோளில் இடுக்கி 108-க்குச் சொன்னேன். பஸ் டிரைவர்களுக்கு மெல்பர்னில் கொடுக்கும் முதலுதவிப் பயிற்சி அது. கை தானாகச் செய்தது.

பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவன் அவளுடைய தம்பி கருப்பசாமி. அவன் கையில் தழை ஒடிக்கும் துரட்டிக் கம்பு இருந்தது.

"எவம்ல ஓட்டுனது?"

"நாந்தான் தம்பி. ஆம்புலன்சுக்குச் சொல்லியாச்சி. மொதல்ல அக்காவை..."

அத்தான் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முதல் அடி இடது காதோடு சேர்த்து விழுந்தது. தேங்காய் உடைக்கும் சத்தம் போலிருந்தது. அவர் விழவில்லை, ஒரு கையைக் காரில் ஊன்றி நின்றார். அடுத்த அடியில் அந்தக் கை தொங்கிப்போனது. பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். கம்பு, செருப்புக் கால், கல். ஒருவன் செத்த ஆட்டைத் தூக்கி அவர் மேல் வீசினான். "ஹாரன் அடிச்சா கை ஒடிஞ்சிருமால? ஹாரன் அடிச்சா கை ஒடிஞ்சிருமால?" என்று கேட்டுக் கேட்டு மிதித்தான் கருப்பசாமி. அத்தான் கீழே சுருண்டு கிடந்தார். அவர் வேட்டி அவிழ்ந்து ரத்தத்திலும் ஆட்டுப் புழுக்கையிலும் புரண்டது. ஒரு தடவைகூட "நான் இல்லை" என்று அவர் சொல்லவில்லை.

நான் பத்தடி தள்ளி மண்டியிட்டிருந்தேன். பேச்சியம்மாளின் கால் என் கைகளுக்குள் இருந்தது. கூட்டத்தில் ஒரு பெரியவர் என்னைக் காட்டி, "இவுக யாரோ வழியில போறவுக போல. சட்டையக் கழத்திக் கட்டுதாக பாருங்க. மனுசன்னா இப்பிடி இருக்கணும்" என்றார்.

பேச்சியம்மாள் மயக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கண் திறந்திருந்தது.

"நீதான ஓட்டுன?" என்றாள். எனக்கு மட்டும் கேட்கும் குரல்.

நான் குனிந்துகொண்டேன். கட்டை இன்னும் இறுக்கினேன்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அடித்தார்கள். பிறகு கார்க் கண்ணாடிகளை உடைத்து, ஓடைக்குள் தள்ளிவிட்டுப் போனார்கள்.

5

பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் இருவரும் ஒரே நாள் சேர்க்கப்பட்டார்கள். கீழ்த்தளத்தில் பேச்சியம்மாள், மேலே அத்தான். அத்தானுக்கு வலது முன்னங்கை இரண்டு இடத்தில் முறிவு, மூன்று விலா எலும்பு, இடது செவிப்பறை முழுவதும் போய்விட்டது. அந்தக் காது இனிக் கேட்காது என்று நான்காம் நாள் டாக்டர் சொன்னார். அக்கா வெளியே போய்த் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கும் வண்டியை அத்தான்தான் ஓட்டினார் என்றே தெரியும்.

போலீஸ் வந்து அத்தானிடம் வாக்குமூலம் வாங்கிப் போனது. காப்பீட்டுக் கம்பெனியின் படிவமும் வந்தது. அத்தானின் கையில் மாவுக்கட்டு. எனவே நான்தான் பூர்த்தி செய்தேன். 'வண்டியை ஓட்டியவர் பெயர்' என்ற கட்டத்தில், பல வருடமாகத் தமிழே எழுதிப் பழகாத கையால், கோமதிநாயகம் என்று எழுதினேன். லைசென்ஸ் எண்ணையும் எழுதினேன். அவர் இடது கைப் பெருவிரலை அதில் உருட்டினார்.

கீழ்த்தளத்துக்குத் தினமும் போனேன். பேச்சியம்மாளின் காலில் கம்பி வைத்திருந்தார்கள். கருப்பசாமியைப் போலீஸ் கூட்டிப்போயிருந்ததால் அவளுக்கு வாங்கிக் கொடுக்க ஆள் இல்லை. இட்லி, மருந்து, பால் என்று கொண்டுபோவேன். எட்டாம் நாள் கேட்டேன்.

"அன்னைக்கு ஏம்மா சொல்லல?"

அவள் கூரையைப் பார்த்தாள். "சொன்னா ஒன்னையும் கொன்னுருப்பானுவ. பெறவு எங் கால யாரு பிடிச்சிருப்பா? ரெத்தம் பூராம் ரோட்டுல போயிருக்கும்லா."

பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தக் குட்டையான அண்ணாச்சிக்கு இப்ப எப்பிடி இருக்கு?" என்றாள்.

6

ஒன்பதாம் நாள் கம்பெனி அனுப்பிய விசாரணைக்காரர் வந்தார். வழுக்கை விழுந்த, மெதுவாகப் பேசும் மனிதர். அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வண்டியைப் போய்ப் பாத்தேன் சார். ஓடையில எறங்கிக் கெடக்கு. டிரைவர் சீட்டு பின்னால தள்ளி, கம்பியில கடைசிப் பல்லுல நிக்கி. உள்ள இருக்குத கண்ணாடியும் மேல பாத்துத் திருப்பியிருக்கு. உங்க அத்தான் எத்தன அடி?"

நான் வார்டுக் கதவைப் பார்த்தேன்.

"அந்த சீட்டுல அவுக உக்காந்தா கால் கிளச்சுக்கு எட்டாது. நான் உக்காந்து பாத்தேன், எனக்கே எட்டல." அவர் என் கால்களைப் பார்த்தார். முழங்கால்கள் பெஞ்சைத் தாண்டி நீண்டிருந்தன.

"ஓட்டுனது வேற ஆளுன்னா, அந்த அம்மாவுக்குப் பணம் வராதா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியிலேயே எல்லாம் இருந்தது.

அவர் ஃபைலை மூடினார். "இதத்தான் எல்லாரும் தப்பா நெனச்சிக்கிடுதாங்க. இன்சூரன்ஸ்ல வண்டிக்காரரு ஒரு பார்ட்டி, கம்பெனி ஒரு பார்ட்டி. ரோட்டுல அடிபட்டவுக மூணாவது பார்ட்டி. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்குத தகராறு அவுகளப் பாதிக்கக் கூடாதுன்னுதான் பொதுவா கோர்ட் பாக்கும். லைசென்ஸ் இல்லாதவரு ஓட்டியிருந்தாலும், மொதல்ல அந்த அம்மாவுக்குக் கம்பெனியக் குடுக்கச் சொல்லும். பெறவு வண்டிக்காரர்ட்ட இருந்து கம்பெனி வசூல் பண்ணிக்கிடலாம். உங்க கார் சேதத்துக்குத்தான் ஒண்ணும் கிடைக்காது."

அப்படியானால் ரோட்டில் அத்தான் சொன்ன காரணங்களில் ஒன்று தப்பு. நான் ஓட்டினேன் என்று சொல்லியிருந்தாலும் பேச்சியம்மாளுக்குக் கிடைத்திருக்கும். அவர் வாங்கிய அடி அவளுக்காக எதையும் சம்பாதிக்கவில்லை. எனக்காக மட்டும்தான்.

"நான் ரிப்போர்ட் எழுதத்தான் செய்வேன் சார். அதுக்கு முன்னால நீங்களா ஸ்டேஷன்ல சொன்னா வேற, கண்டுபிடிச்சா வேற" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

7

முதலில் அக்காவிடம் சொன்னேன். மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, கார ஓட்டுனது நான்."

அவள் கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். பிறகு அறைந்தாள். கண் இருண்டு சுவரில் மோதினேன். அவள் நிறுத்தவில்லை. கன்னத்தில், வாயில், நெஞ்சில், இரண்டு கையாலும். "நின்னு பாத்துக்கிட்டா இருந்த? நின்னு பாத்துக்கிட்டா இருந்த?" உதடு கிழிந்து ரத்தம் வந்தது. யாரோ இரண்டு பெண்கள் அவளைப் பிடித்து இழுத்தார்கள். நான் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அது பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த அடி எனக்கு ஒருவித நிம்மதியாக இருந்தது. அதற்காகவும் இப்போது வெட்கப்படுகிறேன்.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் திட்டினார். "ஆள் மாத்தி எழுதிக் குடுக்கியளே, இது என்ன நாடகமா? வெளிநாட்டுல இப்பிடிச் செய்வீங்களா?" என்று கேட்டார். செய்யமாட்டேன். அங்கே யாரும் கம்போடு வரமாட்டார்கள்.

வழக்கு என் பெயருக்கு மாறியது. ஜாமீன் கிடைத்தது. விமான டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு இரண்டு மாதம் இருந்தேன். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினேன். உரிமம் இல்லாதவனுக்கு வண்டி கொடுத்ததற்காக அத்தானுக்கும் தனியாக அபராதம்.

அத்தானுக்கு விஷயம் தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"வாங்குன அடி பூராத்தையும் வீணாக்கிட்டியேல" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் என்னோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

8

நான் மெல்பர்ன் திரும்புவதற்குச் சில நாள் முன்னால் கருப்பசாமி வீட்டுக்கு வந்தான். ஜாமீனில் வந்திருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றான். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டீல் தம்ளரில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளறையில் இருந்தேன்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. ஆள் மாறிப்போச்சி."

அத்தான் நல்ல காதைத் திருப்பி, "என்ன சொன்ன?" என்றார்.

"ஆள் மாறிப்போச்சிங்கேன். ஓட்டுனது நீங்கன்னு நெனச்சி அடிச்சிட்டோம்."

தம்ளர் பறந்துபோய்க் கருப்பசாமியின் நெற்றியில் பட்டது. சூடான காப்பி அவன் முகத்தில் வழிந்தது. அத்தான் எழுந்து, மாவுக்கட்டுப் போட்ட கையாலேயே அவன் நெஞ்சில் குத்தினார். வலியில் அவரே கத்தினார். மறுபடியும் குத்தினார். "ஆள் சரியா இருந்தா அடிக்கலாமோ? சொல்லுல! அவன அடிச்சிருந்தா சரியோ? அவன் செத்திருந்தா எந்த வாசல்ல போயி நிப்ப?"

கருப்பசாமி நகரவில்லை. நெற்றியிலிருந்து ரத்தம் இமையில் இறங்கியது. நானும் அக்காவும் ஓடிப்போய் அத்தானைப் பிடித்தோம். கருப்பசாமி என்னைப் பார்த்தான். என்னை அவன் அடையாளம் கண்டுகொண்டது முகத்தில் தெரிந்தது. சட்டையைக் கழற்றிக் கட்டிய நல்ல மனிதன். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

9

பேச்சியம்மாளின் இழப்பீட்டு வழக்கு சென்ற வருடம்தான் சாட்சிக்கு வந்தது. லீவு போட்டுவிட்டுப் போனேன். ஊன்றுகோலோடு கூண்டில் ஏறினாள். கம்பெனி வக்கீல், ஓட்டியது யார் என்று கேட்டார். என்னைக் காட்டினாள். போலீசிடம் அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார்.

"எங்கிட்ட யாரும் கேக்கலயே" என்றாள். பிறகு நீதிபதியிடம், "ஐயா, இவுக நெசத்தச் சொன்னதுனால எனக்கு ஏதும் கொறையுமா?" என்றாள்.

குறையாது என்றார் நீதிபதி. நான் ஊரில் இருந்தபோதே தீர்ப்பும் விசாரணைக்காரர் சொன்னது போலவே வந்தது. கம்பெனி முதலில் அவளுக்குக் கொடுக்க வேண்டும், பிறகு வண்டிக்காரரான அத்தானிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம். அந்தத் தொகை என் பொறுப்பு என்று அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தேன். அதைக் கட்ட இங்கே சனிக்கிழமைகளிலும் கூடுதலாகப் பஸ் ஓட்டுகிறேன். ஆனால் பேச்சியம்மாளின் கால் இனி மடங்காது. ஆடுகளை அவள் விற்றுவிட்டாள்.

தீர்ப்பு வந்த மறுநாள் மதியம் அத்தானின் பட்டறைக்குப் போனேன். தறி வீடுகளுக்கு அவர் இப்போது போவதில்லை. எந்தப் பக்கமிருந்து சத்தம் வருகிறது என்று ஒரு காதை வைத்துக்கொண்டு அவரால் பிரிக்க முடியவில்லை. உதிரிப் பாகங்களை ராவிச் சரிசெய்து கொடுக்கிறார். மேசையில் பொருத்திய வைஸில் ஓர் இரும்புத் துண்டை இறுக்கிப் பிடித்து, அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். நான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தேன். வெகுநேரம் ராவினார்.

பிறகு, தலையைத் தூக்காமலே பேசினார்.

"நெசத்தச் சொல்லுதவன் ரோட்டுல வச்சிச் சொல்லியிருக்கணும் மாப்ள. ஸ்டேஷன்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்து சொன்னா அதுக்குப் பேரு வேற."

"ஆமா அத்தான்."

"அங்கன இருந்தப்ப என்ன நெனச்ச? எனக்குப் பாவம் பாக்காண்டாம். உள்ளதச் சொல்லு."

எத்தனையோ படிவம் நிரப்பிவிட்டேன். எத்தனை வேகம், எத்தனை மணி, எந்தப் பக்கம், யார் ஓட்டியது. இதை யாரும் கேட்டதில்லை.

"ஒங்கள நெனைக்கல அத்தான். அந்தக் கம்பு ஒங்க மேல விழும்போதெல்லாம், நம்ம மேல விழலன்னுதான் இருந்துச்சு. அந்த அம்மா வாயத் தொறந்துரக் கூடாதுன்னு இருந்துச்சு. அவ கால நான் பிடிச்சிட்டு இருந்ததுகூட... மொதல்ல காப்பாத்தத்தான் பிடிச்சேன். பெறவு, அதப் பிடிச்சிட்டு இருந்தா யாரும் என்னைச் சந்தேகப்பட மாட்டாங்கன்னு பிடிச்சிட்டு இருந்தேன்."

அரம் நின்றது. அவர் என்னை நேராகப் பார்த்தார். அடிக்க எழுவார் என்று நினைத்தேன். எழுந்திருந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"நானும் ஒன்னத்தாம்ல பாத்துட்டு இருந்தேன்" என்றார். "அவனுவ காலுக்கு எடையில ஒந் தல தெரிஞ்சிது. நல்ல வேள, பய குனிஞ்சே இருக்கான், நிமிந்துறக் கூடாதுன்னு நெனச்சேன்."

இரும்புத் துண்டை வைஸிலிருந்து கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் ராவ வேண்டியிருந்தது. மறுபடியும் மாட்டி, கைப்பிடியைத் திருகி இறுக்கினார்.